பச்சை மரத்தில் கட்டில்: தருமபுரி, கிருஷ்ணகிரி மரச்சாமான் தொழிலின் சுற்றுச்சூழல் கணக்கு

மரச்சாமான் வாங்கப் போகிற இடத்தில் சுற்றுச்சூழலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அது பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் இருக்கும்: இது காட்டு மரமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கேள்விக்குக் கனம் கொஞ்சம் கூடுதல். சந்தனக் கடத்தல் என்ற சொல்லோடு சேர்த்தே இந்த மாவட்டங்களின் பெயர் பல ஆண்டுகள் செய்தித்தாள்களில் வந்தது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்தக் கதை முடிந்தாலும், மர லாரி என்றாலே செக்போஸ்ட்டை நினைக்கும் பழக்கம் முடியவில்லை.

ஆனால் இன்று ஒரு சாதாரணத் தச்சுப் பட்டறையில் கிடக்கும் மரம் பெரும்பாலும் காட்டிலிருந்து வந்தது அல்ல. இதற்குக் காரணம் நம் நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது, சட்டம்தான். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பியுள்ள தொழிற்சாலைகள் இயற்கைக் காடுகளை எதிர்பார்க்காமல் உழவர்களோடு சேர்ந்து தங்களுக்கு வேண்டிய மரத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு காட்டில் கோடரி விழுவதற்குக் கடிவாளம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த உத்தரவுகளால் உரிமம் இல்லாத மர அறுவை ஆலைகள் மூடப்பட்டன, புதிதாகத் திறப்பதும் எளிதாக இல்லை. ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே வந்தது. மிச்சமிருந்த காட்டில் கணிசமான பகுதி 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று வன உயிரினச் சரணாலயங்களுக்குள் போய்விட்டது. திருட்டு வெட்டு அறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊரில் விற்கும் கட்டிலும் மேசையும் அதை நம்பி ஓடவில்லை.

அப்படியானால் மரம் எங்கிருந்து வருகிறது? வரப்போரத் தேக்கு, வேம்பு, வாகை, பூவரசு, கொஞ்சம் மலைவேம்பு, தைல மரம். டிம்பர் டிப்போக்களில் கப்பலேறி வந்த மரம். 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு ‘பர்மா தேக்கு’ என்று கடைக்காரர் சொல்வதைக் கொஞ்சம் யோசித்தே கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டமாக வளர்த்த தேக்குதான் இப்போது நிறைய வருகிறது. அப்புறம் ப்ளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு. காட்டைப் பற்றிய கவலை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தொழிலின் உண்மையான சேதாரம் மரம் பட்டறை வாசலில் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அதில் முதலிடம் ஈரத்துக்கு.

மரச்சாமானின் சுற்றுச்சூழல் கணக்கு எளிமையானது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். 30 கிலோ எடையுள்ள ஒரு மேசை, மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து இழுத்த சுமார் 50 கிலோ கார்பன் டை ஆக்சைடைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கிறது. அந்த மேசை 40 ஆண்டு நின்றால் அந்தக் கரிமமும் 40 ஆண்டு நிற்கும். நாலாம் ஆண்டில் உடைந்து அடுப்புக்குப் போனால் அது அன்றே காற்றில் கலந்துவிடும், அதோடு இன்னொரு மரமும் வெட்டப்படும். ஆக, எந்த மரம் என்பதைவிட எத்தனை காலம் என்பதே பெரிய கேள்வி. அந்தக் காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உலர்த்தல்.

வெட்டிய உடன் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர், அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் இருக்கும்; சில மரங்களில் உலர் எடைக்குச் சமமாகவே இருக்கும். இந்த ஈரம் 28, 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் வரை மரம் சுருங்காது. அதற்குக் கீழே இறங்க இறங்கச் சுருங்கும். சுருங்குவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை வெறுமனே சிறுத்துப் போகாமல் வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, வாய் பிளக்கிறது. வீட்டுக்குள் பயன்படும் மரச்சாமானுக்கு நம் பக்கத்து வெயிலில் 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருந்தால் சரி. அதற்குமேல் ஈரத்தோடு செய்த கட்டில், தருமபுரியின் ஒரு கோடை தாண்டுவதற்குள் மிச்சமுள்ள சுருக்கத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். துளையில் இறுக்கமாக அடித்த கழுந்து ஆடத் தொடங்கும். அலமாரிக் கதவு மூடாது.

இன்னொரு நுணுக்கம்: ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த ஊர். தருமபுரி அதில் ஏறத்தாழப் பாதி உயரம், வெயிலும் கூடுதல். ஓசூர்ப் பட்டறையில் மழைக்காலத்தில் பார்த்துப் பார்த்துப் பொருத்திய இணைப்பு, அரூரிலோ ஊத்தங்கரையிலோ மார்ச் மாதத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பழைய ஆசாரிகளுக்கு இது தெரியும். பலகையை வாங்கி வந்து பட்டறைப் பரணில் ஓர் ஆண்டு போட்டு வைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். அந்த ஓர் ஆண்டு இப்போது யாரிடமும் இல்லை.

ஏன் இல்லை என்றால், கல்யாணம். இந்த மாவட்டங்களில் கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாம் பெரும்பாலும் சீர்வரிசையாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ. தை, மாசி, வைகாசி, ஆவணி என்று ஆர்டர்கள் ஒரே நேரத்தில் குவிகின்றன. பெண் வீட்டார் தேதி சொல்லிவிட்டுப் போகிறார்கள். பட்டறைக்காரர் அறுவை மில்லில் போன வாரம் அறுத்த பலகையை எடுத்து இழைக்கிறார். பச்சை மரம் இழைப்பதற்கு மெத்தென்று இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். பாலீஷ் போட்டுவிட்டால் கல்யாண மண்டபத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆடி மாதத்தில் கட்டில் கிறீச்சிடும்போது, மரம் சரியில்லை என்று மரத்தின் தலையில் பழி விழும். நல்ல தேக்குக்குக் கெட்ட பேர் வந்தது பல இடங்களில் இப்படித்தான்.

உலர்த்துவதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டும் என்பதில்லை. வெட்டிய கட்டையின் இரு முனைகளிலும் தாரோ பழைய பெயின்ட்டோ பூசினால் முனை வழியே ஈரம் வேகமாக ஓடி வாய் பிளப்பது குறையும். பலகைகளை நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், நிழலில், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே ஒரே தடிமனுள்ள ரீப்பர் கட்டைகளை ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வைத்து அடுக்க வேண்டும். மேலே கனம் ஏற்ற வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைத்துச் செய்வதுதான் அதிகம் கெடுக்கிறது. மேல்பரப்பு மட்டும் காய்ந்து இறுகி உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். ஓரங்குலப் பலகை இப்படி நிழலில் காய மாதக்கணக்காகும். அவசரம் என்றால் கில்ன் என்ற உலர்த்தும் அறை உண்டு. மரத்தூளையும் கழிவுக் கட்டையையும் எரித்தே அதற்கு வெப்பம் கொடுக்கலாம். கண்ணாடி அல்லது பாலித்தீன் கூரையும் கறுப்பு வண்ணத் தகடும் மின்விசிறியும் கொண்ட சூரிய உலர்த்தி இன்னும் மலிவு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட உலர்த்திகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வடிவமைத்துக் கொடுத்துவிட்டது. மரத்தின் இயல்பையும் பதப்படுத்தலையும் ஆராயும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பெங்களூரு மல்லேசுவரத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியம் திரும்பிவிடலாம். பிப்ரவரியிலிருந்து மே வரை காயும் வெயிலை வேறு எதற்கும் பயன்படுத்தாத மாவட்டத்தில் சூரிய உலர்த்திகள் அரிதாக இருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

உலர்த்தும் வசதி இருந்தால் முதலில் பயனடைவது மாமரம். கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம், அதிலும் பெங்களூரா என்று இங்கே அழைக்கும் தோத்தாபுரி. கூழ் ஆலைகளுக்குப் போகும் ரகம் இதுதான். தோட்டம் வயதானால் காய்ப்பு குறையும், மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் மரம் நின்றபடியே காயும். விலை சரிந்த ஆண்டுகளில் மனம் வெறுத்து வெட்டுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் வெட்டிய மாமரம் டன் கணக்கில் எடை போடப்பட்டு விறகாகவோ பேக்கிங் பெட்டிப் பலகையாகவோ போகிறது. அதே நேரத்தில் ராஜஸ்தானத்தின் ஜோத்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறும் சாப்பாட்டு மேசைகளில் கணிசமானவை மாமரத்தில் செய்தவை. பழம் கொடுத்து முடித்த மரம், அதற்காகக் காட்டை வெட்ட வேண்டியதில்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சொல்வது உண்மையும்கூட. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு நடந்ததும் இதேதான்: 25, 30 ஆண்டு பால் கொடுத்த பிறகு வெட்டி, ஒரு காலத்தில் விறகாக மட்டும் போன மரம், பதப்படுத்தும் முறை தெரிந்ததும் மரச்சாமான் சந்தையில் இடம்பிடித்துவிட்டது.

நம் ஊர் ஆசாரியிடம் மாமரத்தில் நாற்காலி கேட்டால் முகம் சுளிப்பார். மாமரம் உளுத்துப்போகும் என்பார். அவர் சொல்வது தவறில்லை. மாமரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய கட்டையை மழையில் சில வாரம் போட்டால் பூஞ்சை புகுந்து நீலம் பாரிக்கும். அப்புறம் மாவுச்சத்தைத் தின்னும் சிறு வண்டு துளை போட்டு, கட்டிலுக்கு அடியில் மாவு மாவாகக் கொட்டும். இந்த அனுபவத்திலிருந்து வந்த வெறுப்பு அது. ஆனால் ஜோத்பூரின் மாமரத்துக்கும் இதே குணம்தான். அங்கே வெட்டிய கையோடு அறுக்கிறார்கள், போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் முக்கியோ அழுத்தத்தில் செலுத்தியோ பதப்படுத்துகிறார்கள், உடனே உலர்த்தும் அறையில் ஏற்றுகிறார்கள். போரான் உப்புகள் வண்டுக்கும் பூஞ்சைக்கும் எமன். மனிதருக்கு ஏற்படும் தீங்கோ, ஒரு காலத்தில் தாராளமாகப் பயன்பட்ட செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஒரே குறை, தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். அதனால் திண்ணையில் மழைச்சாரல் படும் பெஞ்சுக்கு ஆகாது, வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தான்.

ஆக மூலப்பொருள் இருக்கிறது, வெயில் இருக்கிறது, முறையும் ரகசியம் இல்லை. நடுவில் இல்லாதது ஒரு பொதுப் பதப்படுத்தும் கூடம். தனிப் பட்டறைக்காரர் ஒருவர் கில்ன் கட்டுவது கட்டுப்படியாகாது. அவருக்கு மாதத்தில் சில நாள் வேலைக்குத்தான் அது வேண்டும். குறு, சிறு தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய, மாநில அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. தூத்துக்குடியில் பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு 2022-இல் அடிக்கல் நாட்டிய மாநிலத்தில், பர்கூர் பக்கம் ஒரு மாமர உலர்த்தும் கூடம் பெரிய கனவொன்றும் இல்லை. தோட்டக்காரருக்கு விறகு விலைக்கும் பலகை விலைக்கும் உள்ள வித்தியாசம் கையில் கிடைக்க வேண்டும் என்பதே முக்கியம். அது கிடைக்காவிட்டால் எந்தத் திட்டமும் மாமரத்தை அடுப்பிலிருந்து காப்பாற்றாது.

மறுபயன்பாட்டுக்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு கிணறு உண்டு. அது ஓசூர் சிப்காட். தொழிற்சாலைகளுக்கு இயந்திரமும் உதிரிபாகமும் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளும், பேலட் என்ற சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளும் பழைய மரக் கடைகளுக்கு வருகின்றன. ஏற்கெனவே அறுத்து, உலர்த்தி, ஒருமுறை பயன்பட்ட மரம். ஆணி பிடுங்குவதற்கே ஓர் ஆள் வேண்டும், ஒரு துண்டு ஆணி தப்பினால் பிளேனர் பிளேடு போச்சு, ஆனாலும் மலிவு. இதில் பார்க்க வேண்டியது பலகையில் சூடு போட்டது போல் பதிந்திருக்கும் முத்திரை. நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளில் பூச்சி ஒட்டிக்கொண்டு போகாமல் தடுக்க 2002-இல் வந்த உலக விதியின்படி, அந்த முத்திரையில் கோதுமைக் கதிர்ச் சின்னமும் நாட்டின் குறியும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். எச்.டி. என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்கிறது என்று பொருள், அதை எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு அது. அந்தப் பலகையைக் குழந்தைக் கட்டிலுக்கும் சமையலறைத் தட்டுக்கும் தவிர்ப்பது நல்லது. முத்திரையைவிடவும் கவனிக்க வேண்டியது எண்ணெய்க் கறையும் ரசாயன வாடையும். பீப்பாய் ஏற்றி வந்த பேலட் எத்தனை அழகாக இழைத்தாலும் படுக்கையறைக்கு ஆகாது.

போர்டுகளுக்கு வருவோம். ப்ளைவுட்டையும் பார்ட்டிக்கிள் போர்டையும் சுற்றுச்சூழல் எதிரியாகப் பேசுவது வழக்கம். எனக்கு அது பாதி நியாயமாகவே படுகிறது. பெரிய மரத்தை அறுக்கும்போது ஏறக்குறையப் பாதி, பட்டையாகவும் தூளாகவும் சீவுச் சுருளாகவும் கழிகிறது. அந்தக் கழிவையும் ஐந்தாறு ஆண்டில் வெட்டும் தோட்ட மரத்தையும் பலகையாக்கும் வழி இது. யமுனாநகர் ப்ளைவுட்டுக்கு உழவர்கள் வயலில் வளர்த்த பாப்ளர் மரமும், பெரும்பாவூர் ப்ளைவுட்டுக்கு ரப்பர் மரமும் போகின்றன. மரக் கணக்கில் இவை மோசமில்லை. மோசம் பிசினில் இருக்கிறது. மலிவு போர்டுகளை ஒட்டுவது யூரியா ஃபார்மால்டிஹைடு. அது செய்து முடித்த பிறகும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கசியவிடும். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அது இதுதான்.

வாங்குகிறவர் இ1 அல்லது இ0 என்ற கசிவுத் தரத்தைக் கேட்கலாம். ஈரம் தாங்க வேண்டிய இடத்துக்கு ஃபீனால் பிசின் போட்ட 710 கிரேடு ப்ளைவுட் கசிவிலும் குறைவு. அதிகச் செலவில்லாத இன்னொரு வழி, வெட்டிய ஓரங்கள் அத்தனையையும் எட்ஜ் பேண்ட் ஒட்டி மூடச் சொல்வது. கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் வெறுமனே விட்டுவிடுவதுதான் வழக்கம், வாயு கசிவதும் ஈரம் புகுவதும் அங்கேதான். பட்டறையில் மிஞ்சும் போர்டுத் துண்டுகளை விறகுக்கு அள்ளிக் கொடுப்பது தனிக் கேடு. பிசினும் சன்மைக்காவும் சேர்ந்த துண்டு டீக்கடை அடுப்பில் எரியும்போது வரும் புகையை முதலில் சுவாசிப்பவர் டீ ஆற்றுபவர். வெறும் மரத்தூள் வேறு கதை. அதை மாட்டுக் கொட்டகைக்கும் காளான் வளர்ப்புக்கும் கொடுக்கலாம், அழுத்திக் கட்டியாக்கிக் கொதிகலனில் எரிக்கலாம். மாங்கூழ் ஆலைகளும் பட்டு நூற்பகங்களும் உள்ள மாவட்டங்களில் எரிபொருளுக்குத் தேவை இல்லாமலா போய்விடும்? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் நல்லதும் கெட்டுப்போகிறது.

பட்டறையில் வேலை செய்கிறவரின் உடம்புக்கு அதிகக் கேடு செய்வது இழைப்புத் தூளும் பாலீஷும். மரத்தூளையும் அதே புற்றுநோய் முகமை 1995-இலேயே புற்றுநோய்க் காரணிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்குப் பகுதியில் வரும் புற்றுநோய்தான் முக்கிய அச்சம். சாண்டிங் மெஷின் கிளப்பும் நுண்தூளை மூக்கில் கட்டிய துண்டு தடுக்காது. இயந்திரத்தோடு உறிஞ்சுப் பை இணைத்தால் பெரும்பகுதி அடங்கும். இது சுற்றுச்சூழலில் சேருமா, தொழிலாளர் நலத்தில் சேருமா என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் நிற்கும் நாலு சுவரும் சுற்றுச்சூழல்தான்.

பாலீஷ் விஷயத்தில் அரசு வகைப்பாடே ஒரு பாடம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் தொழில்களை மாசு குறையும் வரிசையில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தபோது, மின்கருவிகளோடு நடக்கும் தச்சு வேலை பச்சைப் பட்டியலில் வந்தது. ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது ஆரஞ்சில். அதாவது ஒரே பட்டறை, கம்ப்ரஸரை ஆன் செய்ததும் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. காரணம் தின்னர். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரின் பெரும்பகுதி காற்றில் ஆவியாகிப் போவதற்காகவே இருக்கும் கரைப்பான். பழைய வகை ஸ்ப்ரே கன்னில் அடிப்பதில் பாதிக்கு மேல் மரத்தில் படியாமல் வீணாகும். மெலமைன் பாலீஷ் இறுகும்போது ஃபார்மால்டிஹைடும் வெளிவரும். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று தள்ளும் கன் மாற்றினாலே பொருளும் மிச்சம், புகையும் குறைவு. தண்ணீரில் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு விலை கூடுதல். மழைக்காலத்தில் காய நேரமெடுக்கும் என்று பட்டறைக்காரர்கள் குறைப்படுவதிலும் உண்மை உண்டு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பழைய பிரெஞ்சு பாலீஷ் இன்னும் நல்ல வழி. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், ஆனால் கீறலை அந்த இடத்தில் மட்டும் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். முழுதாகச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டாம். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

சீர்வரிசையில் மரத்துக்குப் போட்டியாக நிற்பது இரும்பு பீரோ. ஒரு டன் உருக்கு செய்ய நம் நாட்டில் 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 80 கிலோ பீரோ என்றால் தொடக்கக் கணக்கிலேயே 160 கிலோவுக்குக் குறையாத கடன். ஆனால் பீரோ இரண்டு தலைமுறை நிற்கிறது, கடைசியில் பழைய இரும்புக்கடையில் எடைக்கு எடை காசாகி மறுபடி உருக்கு உலைக்குப் போகிறது. ஒழுங்காகச் செய்த பீரோவை நான் குறை சொல்ல மாட்டேன். கவனிக்க வேண்டியது அதன் வண்ணம். பவுடர் கோட்டிங்கில் தின்னர் இல்லை, சிதறும் தூளையும் திரும்பச் சேகரிக்கலாம். அதற்கு முன்னால் தகட்டைக் கழுவும் ஏழு தொட்டிகள்தான் தொல்லை: எண்ணெய் நீக்கி, துரு நீக்கும் அமிலம், பாஸ்பேட், சில இடங்களில் குரோமேட், நடுநடுவே அலசும் தண்ணீர். பாஸ்பேட் வண்டல் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதை வாய்க்காலில் விட முடியாது, விடக் கூடாது. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பாதித்து, ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டங்கள் இவை. பெங்களூருவின் கழிவு கலந்து கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை தள்ளுவதைப் பார்த்துப் பொங்குகிறோம். சரிதான். நம் பட்டறைத் தொட்டித் தண்ணீரும் எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பொங்கினால் இன்னும் சரி.

காட்டோரத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. உண்ணிச்செடி. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி, இப்போது காட்டின் அடித்தளத்தையே மூடி, யானைக்கும் மானுக்கும் புல்லில்லாமல் செய்கிறது. மாதேஸ்வரன் மலையில் சோளகர் மக்கள் 2004 முதல், ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் துணையோடு, இதன் தண்டை வேகவைத்துத் தோலுரித்து வளைத்து நாற்காலியும் கூடையும் செய்யக் கற்றார்கள். பார்க்கப் பிரம்பு போலவே இருக்கும், கரையான் எளிதில் அண்டாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமங்களிலும் செய்ய முடிகிற வேலைதான். ஆனால் நாற்காலி செய்தே உண்ணிச்செடியை ஒழித்துவிடலாம் என்று நம்புவது அதிகம். வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்துப் புல் விதைத்தால்தான் காடு மீளும். கூலி கிடைக்கும் வேலையாக மட்டும் பார்த்தாலும் அது செய்யத் தக்கது. மூங்கிலையும் சேர்த்துக்கொள்ளலாம். காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கில் 2017-இல் வனச் சட்டத்தின் மரப் பட்டியலிலிருந்து நீங்கியதால், பட்டா நிலத்தில் வளர்த்து வெட்டி விற்பதில் பழைய இழுபறி இல்லை. வண்டு மூங்கிலையும் விடாது, அதற்கும் போரான் கரைசல்தான் மருந்து.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காட்டுப் பாதுகாப்புக்கு எஃப்.எஸ்.சி. என்ற உலக முத்திரை 1990-களிலிருந்து இருக்கிறது, நம் மத்திய அரசும் 2023 டிசம்பரில் இந்திய வன, மரச் சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஏற்றுமதி செய்பவருக்கு இவை தேவை. வரப்பில் பத்துத் தேக்கு வைத்திருக்கும் காரிமங்கலத்து உழவருக்கும் அவரிடம் வாங்கும் உள்ளூர்ப் பட்டறைக்கும் அந்தச் செலவு தாங்காது. அவர்களுக்கு முத்திரையைவிட, மரம் எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்று பில்லில் ஒரு வரி எழுதுவதும் என்று அறுத்தது என்று பலகையில் சாக்பீஸால் தேதி போடுவதும் போதும். பழைய டிப்போக்களில் இந்தத் தேதி போடும் பழக்கம் இருந்தது.

வாங்குகிறவர் பக்கத்தில் மாற வேண்டியது ஆர்டர் கொடுக்கும் நேரம். பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதே மரம் வாங்கி ஆசாரியிடம் அறுத்துப் போட்டு வைக்கிறவர்கள் இன்றும் கிராமங்களில் உண்டு; அவர்களுக்குச் சீக்கிரமும் வேண்டாம், கில்னும் வேண்டாம். மற்றவர்களுக்கு ஈரமானி என்ற சின்னக் கருவி இருக்கிறது. இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் எண் காட்டும், விலை சில ஆயிரம் ரூபாய்க்குள்தான். பட்டறையில் ஒன்று வாங்கி மாட்டி வைக்கலாம், வாடிக்கையாளர் கண்ணெதிரே குத்திக் காட்டலாம். 12 காட்டினால் வேலையைத் தொடங்கலாம். 20-க்கு மேல் காட்டினால், முகூர்த்தத்துக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுத்தனுப்பிவிட்டு, கட்டிலை ஆறு மாதம் கழித்து அனுப்புகிறேன் என்று சம்பந்தி வீட்டில் சொல்ல ஒருவர் துணிய வேண்டும்.